ஒரு சொட்டும் விழாத படகு

1. வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் தன் பாய்ப்படகை எங்கள் திருகோணமலை உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டுவிட்டு, முழங்கால் சத்திரசிகிச்சைக்குத் தன் நாட்டுக்குப் போனார்.
2. படகைப் பராமரிக்கும் வேலையை என்னிடம் தந்தார். நான் கப்பல் என்ஜின் தொழில்நுட்பம் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன்.
3. திரும்பி வந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு அந்தமான் வரை போவதாகச் சொன்னார்.
4. ஒன்றரை வருடம் பார்த்துக்கொண்டேன்.
5. அவர் வரவில்லை. படகை விற்றார்.
6. விற்பதற்கு முன் படகு ஒரு தடவை துறைமுக வாயைத் தாண்டிப் போனது. நானும் அதில் இருந்தேன்.

ஆறாவதில் நான் எழுதாமல் விட்டது நிறைய.

சனிக்கிழமைகளில் லிங்கநகரிலிருந்து சைக்கிளில் இறங்குதுறைக்குப் போவேன். கிண்ணியாவைச் சேர்ந்த, நான் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் தன் மீன்பிடிப் படகில் என்னைக் கொண்டுபோய் விடுவார். பற்றரி பார்ப்பது, என்ஜினை அரை மணித்தியாலம் ஓடவிடுவது, நங்கூரச் சங்கிலியில் ஒட்டியதைச் சுரண்டுவது, பாய்களை எடுத்துக் காற்றாட விடுவது என்று கொப்பியில் எழுதிவைத்த பதினேழு வேலைகள். முடிந்ததும் என்ஜினுக்குக் கடல்நீர் எடுக்கும் குழாயை மூடி, அந்தக் குழாயின் கைபிடியிலேயே என்ஜினை ஸ்டார்ட் பண்ணும் திறப்பை மாட்டிவிட்டு வருவேன். திறப்பை எடுப்பவர் குழாயைத் திறக்க மறக்க மாட்டார்.

"வெள்ளைக்காரி வாறதுக்குள்ள நீ துடைச்சுத் துடைச்சே படகு தேஞ்சிரும்," என்பார் நானா.

"தேஞ்சா பாரம் குறையும் நானா. கெதியாப் போகும்."

"எங்க போறது? ஆமை மாதிரிக் கிடக்கு."

அந்தமானில் எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. உள்துறைமுகத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கரைதான் தெரியும். என்ஜினை நிறுத்தி, பாய் விரித்து, படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்போது மேல்தளத்தில் நின்று அந்தக் கரை சிறுத்துப் போவதைப் பார்க்க வேண்டும். அதுதான் ஆசை. அதுவரை அந்தப் பாய்களைக் கொடியில் காயப்போட்ட சேலைகளைப் போலத்தான் பார்த்திருந்தேன்.

நான் பெருமைப்பட்டது அடித்தட்டைப் பற்றி. புரொப்பெல்லர் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் ஒரு பெரிய பித்தளை நட்டு இருக்கும். அதற்குள் கிரீஸ் தோய்ந்த கயிறு. நட்டை இறுக்கினால் கயிறு தண்டை நெருக்கிக் கடல்நீரை மறிக்கும். முதல் மாதம் அதிலிருந்து சொட்டு விழுந்தது. இறுக்கினேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு சொட்டும் இல்லை. காய்ந்த அடித்தட்டைப் படமெடுத்து அந்தப் பெண்மணிக்கு அனுப்பினேன்.

தண்டு சுழலும்போது அந்தச் சொட்டுத்தான் அதைக் குளிர வைக்கிறது. படித்ததுதான், பரீட்சையிலும் எழுதினேன். ஆனால் என் படகு ஓடாத படகு. சனிக்கிழமைகளில் கியர் போடாமலே என்ஜினை ஓடவிட்டேன். தண்டு சுழன்றதே இல்லை.

ஒரு நாள் அவர் தொலைபேசியில் எடுத்தார். முழங்கால் சரிவரவில்லை, இனிப் படகில் ஏற முடியாது என்றார். தந்த வாக்கை அவரே நினைவுபடுத்தி மன்னிப்புக் கேட்டார். பாயிலிருந்த கிழிசல் தைத்தாயிற்றா என்றும் கேட்டார். தைத்துவிட்டேன் என்றேன்.

வாங்க வந்தவர் கொழும்பில் ஹோட்டல் வைத்திருப்பவர். வெளியே ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றார். அவர் சுக்கான் பிடித்தார். பாய்க்கயிறுகளுக்கு நானா. நான் பாய்மரத்தைப் பிடித்தபடி மேலே நின்றேன். என்ஜினில் கிளம்பினோம். கச்சான் காற்று கரையிலிருந்து வீசியது. துறைமுக வாய் நெருங்கியபோது கருகல் மணம் வந்தது.

"தங்கச்சி, குசினியில என்னவும் அடுப்பில வச்சியா?"

"இல்ல நானா. அது என்ர நட்டு."

கீழே ஓடினேன். நட்டில் கை வைக்க முடியாத சூடு.

"என்ஜினை நிப்பாட்டுங்கோ சேர்!"

"அப்ப எப்பிடித் திரும்பிறது?"

"திரும்ப வேண்டாம். பாயை விரியுங்கோ. நான் இதை இளக்கிறன்."

என்ஜின் நின்றது. மேலே துணி படபடத்து, பிறகு இறுகியது. படகு சாய்ந்தது என் முழங்கால்களில் தெரிந்தது. ஸ்பனர் தானாக உருண்டு மறுபக்கம் போனது. காதுக்கு ஒரு சாண் தள்ளி, பலகைக்கு அப்பால், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, மேல வா! திருகோணமலை முழுக்க ஒரு கைக்குள்ள அடங்கிட்டு!"

"வாறன் நானா!"

நட்டுக்குள் இருந்த கயிறு கருகியிருந்தது. நட்டை இளக்கினால் நூல் போலத் தண்ணீர் வந்தது. இறுக்கினால் அடியோடு நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொட்டைப் பிடிக்க வேண்டும். பிடித்தபோது அவர்கள் படகைத் திருப்பியிருந்தார்கள். காற்று எதிர். பாயைச் சுருட்டி என்ஜினைப் போட்டார்கள். தண்டு மறுபடி சூடாகிறதா என்று கை வைத்துப் பார்த்தபடி, சொட்டுகளை எண்ணிக்கொண்டு கீழேயே இருந்தேன். மேலே வந்தபோது சுற்றிவரக் கரை.

"நல்லாப் பார்த்திருக்கீங்க," என்றார் கொழும்புக்காரர்.

"நட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கினது நான்தான் சேர். புதுக் கயிறு போட்டுத் தாறன்." பிறகு கேட்டேன்: "கொழும்புக்குக் கொண்டு போகேக்க ஆள் தேவையோ?"

"நம்ம ஆளுங்க மூணு பேர் வாறாங்க. இடமில்லை."

கயிறு மாற்றினேன். வேலைப்பட்டியலைப் பிரதி எடுத்து, பதினெட்டாவதாக ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன்: ஓடும்போது சொட்டு விழ வேண்டும். திறப்பைக் குழாயின் கைபிடியில் மாட்டினேன்.

படகு போய் நாலு மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை போனதாக நானா சொன்னார். நான் இப்போது கிண்ணியாவில் மீன்பிடிப் படகுகளின் என்ஜின் திருத்துகிறேன். பாய் விரித்து ஓடும் படகின் மேல்தளத்தில் இன்னும் நின்றதில்லை.