பால் தராசில் என் இடது கால்

இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மூன்று மாதமாகியும் ஒட்டவில்லை. இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம், இல்லையென்றால் இடுப்பெலும்பைச் சுரண்டி வைத்து மறுபடி ஆபரேஷன் என்று ராஜபாளையத்து டாக்டர் சொன்னார்.

“முறிஞ்ச இடத்துல ஸ்டெம் செல் வந்து நிக்கும்மா. என்னவா ஆகணும்னு அதுக்கே தெரியாது. அளவா பாரம் விழுந்தா எலும்பாகும். ரொம்ப அசைஞ்சா நாரா நின்னுரும். பாரமே இல்லைன்னா சும்மா கிடக்கும். தினமும் தராசுல இடது காலை வச்சு இருபது கிலோ அழுத்துங்க. கூடக் கூடாது.”

பதினெட்டு வருடமாகப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். செல்லுக்குச் சாப்பாடும் காற்றும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேனே தவிர, அதை மிதிக்க வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இருபது கிலோவுக்கும் இருபத்தோரு கிலோவுக்கும் அதற்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

என் கணவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பால்கோவாக் கடை. அங்கே சும்மா கிடந்த, பால் நிறுக்கும் பழைய முள் தராசைத் தூக்கி வந்தார். வலது காலைத் தராசின் உயரத்துக்குப் போட்ட பலகையில் வைத்து, இடது காலைத் தராசில் ஊன்றி, முள் இருபதைத் தொடும்வரை அழுத்துவேன். உயிர் போகும்.

“செத்த நேரம் பொறுட்டி, இருபது வந்துட்டு” என்பார். இருபதா, பத்தொன்பதா என்று தினமும் சண்டை.

எக்ஸ்ரே படம் எடுக்கப் போவதற்கு முதல் நாள், கடைக்குப் பால் ஊற்றும் பால்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். பாலை நிறுக்கக் கணவர் காலிக் கேனைத் தராசில் வைத்தார். முள் அசையவில்லை. கேன் ஏழு கிலோ.

“ஐயையோ, கேன் எடை சேரக் கூடாதுன்னு கடையில இருந்தப்பவே முள்ளைத் திருகி வச்சேன். அடியோட மறந்துட்டேன்.”

ஏழு கிலோ விழுந்த பிறகுதான் முள் நகரும். ஆறு வாரமாக நான் அழுத்தியது இருபத்தேழு!

“என் காலு உங்களுக்குப் பால் கேனாங்க?” என்று கத்தினேன். ஆபரேஷன் நிச்சயம் என்று அழுதேன்.

மறுநாள் டாக்டர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். “நல்லாப் பிடிச்சிருக்கு. சொன்ன அளவை அப்படியே கடைப்பிடிச்சிருக்கீங்க.”

 பொய்யில் நிற்க முடியாமல் கேன் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“கூடுனதால ஒட்டுச்சா, கூடியும் ஒட்டுச்சா டாக்டர்?”

“தெரியலம்மா” என்றார். “அந்தத் தராசை மட்டும் மாத்திராதீங்க.”

ஊன்றுகோலோடு ஆஸ்பத்திரிப் படி இறங்கினேன். இடது காலை முதலில் வைத்தேன். எத்தனை கிலோ விழுந்தது என்று எனக்குத் தெரியாது.