கபடி ஆபீஸ் நாடகம்

ஒரு டி.வி. நாடகம் பார்க்கத் தகுந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை எனக்கு ஒன்பது வயதில் கிடைத்தது. அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

ஆரணியில் டி.வி. வந்த புதிது. எங்கள் பக்கத்தில் பட்டு முதலாளி வீட்டில் மட்டும்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தொடர் நாடகம் போடுகிறார்களாம், கபடிக் குழு ஒன்றின் ஆபீஸில் நடக்கும் கூத்தாம், ஒரே சிரிப்பாம் என்று பக்கத்து வீட்டு அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் தங்கையான என் அத்தை, தறியில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "நானும் போயி பாக்கட்டாண்ணா?"

புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த இரண்டு வருஷத்தில், வெளியே போக வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்பா நெய்வதை நிறுத்தவில்லை. நாங்கள் நெய்த புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். அப்பா புடவையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு, ஊடை இழை சுற்றிய நாடாவைத் தள்ளுவது அத்தையின் வேலை. அவள் எழுந்தால் தறி நின்றுவிடும்.

"சிரிப்பு நாடகம்னா கண்டதும் இருக்கும். மொதல்ல பையன் பாத்துகினு வரட்டும். நல்லா இருந்தா அடுத்த வாரம் நீ போ. உன் எடத்துல அவன் ஒக்காரட்டும்" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னைக் கெடுத்தது.

நாடகம் அவ்வளவு நன்றாக இருந்தது. கபடியே பார்த்திராத ஒரு மேனேஜர். எதிர்ப்பக்கம் பாடிப்போகிறவன் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டே பேனா தேடுகிறான். நான் தரையில் விழுந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "எப்பிடிடா இருக்குது?"

"நல்லாவே இல்ல நைனா. டவுசரு போட்டுகினு சும்மா கத்திகினு இருக்கறாங்க."

அத்தை என் முகத்தையே பார்த்தாள். "என்னடா, வயிறு வலிக்க சிரிச்சவன் மாதிரி கண்ணெல்லாம் தண்ணியா இருக்குது?"

"ஓடியாந்தேன் அத்த."

"ஒரு வாரத்துல என்னாண்ணா தெரியும்? இன்னொரு வாரம் பாக்கட்டும்" என்றாள் அவள். இப்படியே ஆறு வெள்ளிக்கிழமை போனேன். ஆறு முறையும் நல்லா இல்லை என்றேன்.

ஏழாவது வாரம் குழு தோற்றது. மேனேஜர் ஆபீஸைப் பூட்டினார். 'முற்றும்' என்று போட்டார்கள். திரும்பி வந்தபோது அத்தை ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. இனி உண்மையைச் சொன்னால் என்ன நஷ்டம் என்று நினைத்து, "இன்னைக்கு நல்லா இருந்தது நைனா" என்றேன்.

"அப்பிடியா? அப்ப வர வெள்ளிக்கெழம நீ போம்மா" என்றார் அப்பா.

நாடகம் முடிந்துவிட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆறு வாரத்துப் பொய்யும் வெளியே வந்துவிடும். வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தை குளித்து, பெட்டியிலிருந்து ஒரு நீலப் புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். நாடாவை ஏறுமாறாகத் தள்ளி இரண்டு இழையை அறுத்துவிட்டேன். அப்பா தலையில் குட்டினார். அரை மணியில் வர வேண்டியவள் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

"எப்பிடிம்மா இருந்தது?"

"நல்லா இருந்ததுண்ணா. வர வாரமும் போறேன்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் முதலாளி மகன் என்னைப் பிடித்துக்கொண்டான். "நேத்து நெல்லுக்கு மருந்து அடிக்கறதுதான்டா போட்டாங்க. நாங்கல்லாம் எழுந்து போயிட்டோம். உங்கத்த மட்டும் கடைசி வரைக்கும் ஒக்காந்துகினு இருந்துது."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அத்தை அப்படிச் சொன்னாள் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து யாரும் சொல்லாமலே நான் தறியில் போய் உட்கார்ந்தேன். அவளும் ஒரு வாரம் தவறாமல் போனாள். உரம், மாட்டு வியாதி, கோழி வளர்ப்பு, எது போட்டாலும் பார்த்துவிட்டு வந்தாள். என் பொய்யை மறைப்பதற்காகப் பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்று எனக்கு ஒரே பரிதாபமாக இருந்தது.