சம்பந்தி கேட்ட கேள்வி

கோஜிமாவில் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கும் கினுயோ பெற்றது ஒரே ஒரு மகளை மட்டும்தான் என்று ஊர் நம்பியிருந்தது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த காலையில் புருஷனையும் ஐந்து வயது மகன் யோஷிரோவையும் தீக்குக் கொடுத்துவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு இங்கே ஓடிவந்தவள் அவள். குண்டுபட்ட குடும்பம் என்று தெரிந்தால் அதன் நஞ்சு பேரப்பிள்ளைகள்வரை வரும் என்று பயந்து எந்த வீட்டிலும் பெண் எடுக்கமாட்டார்கள். அன்று கருவில் இருந்த பெண் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் மகனுக்கு அவள் ஒரு ஊதுவத்திகூட வெளிப்படையாக ஏற்றியதில்லை. பிழைத்தவர்களுக்கு அரசாங்கம் தரும் இலவச வைத்தியத்துக்கும் போகவில்லை. மகள் தெருகோவுக்கே எதுவும் தெரியாது.

இத்தனை வருஷம் கட்டிக்காத்த மௌனத்துக்கு இன்றுதான் பலன் கிடைத்தது. சம்பந்தி முரோயும் அவர் மனைவியும் வந்து நிச்சயதார்த்தச் சீரை வைத்தார்கள்: உலர்ந்த கணவாய், கடற்பாசி, அரிசி மது. பேச்சு எப்படியோ போர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

முரோய் கெட்டவர் இல்லை. அமெரிக்கக் கப்பல்களை எதிர்பார்த்து கியூஷூ கடற்கரையில் மூங்கில் ஈட்டியோடு நின்றவர். குண்டு விழாமல் போயிருந்தால் தன் படையில் ஒருவன்கூட மிஞ்சியிருக்க மாட்டான் என்றார். தெருகோ விடவில்லை. ஹிரோஷிமாவில் இருந்த குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டாள்.

"மருமகளா வர்றது வக்கீல்னு யாரும் சொல்லலியே," என்று சிரித்தார் முரோய். "சரி, நீங்க சொல்லுங்க சம்பந்தியம்மா. அது விழலேன்னா நான் அங்கேயே செத்திருப்பேன். என் பையன் பொறந்தே இருக்கமாட்டான். அது விழுந்தது தப்பா?"

தப்பு என்று வாய் திறந்தால் பேச்சு அதோடு நிற்காது, பின்னாலேயே யோஷிரோவின் பெயரும் வந்துவிடும். சரி என்றால், பெற்றவளே அவனை இன்னொரு முறை எரித்ததாகும். எதிரே உட்கார்ந்திருந்த மனுஷர் செத்திருக்கலாம் என்று நினைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. எந்தப் பக்கமும் வழியில்லை.

"சரிதாங்க," என்றாள்.

தெருகோ தாயை வேற்று ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பிள்ளையப் பறிகொடுத்தவ எவளும் இப்படிச் சொல்லமாட்டாம்மா."

முரோய் சங்கடத்தோடு சீர்த்தட்டை முன்னால் நகர்த்தினார். பெண்ணைப் பெற்றவள் பாயில் நெற்றி பதிய வணங்கி, என்றென்றைக்குமாக ஏற்கிறோம் என்று சொன்னால்தான் நிச்சயம். கினுயோ குனிந்தாள். சொல்ல வேண்டியதைத் தடுமாறாமல் சொல்லி முடித்தாள். நிமிரத்தான் முடியவில்லை.

பெண்ணைக் கொடுக்கிற தாய் அழத்தான் செய்வாள் என்று முரோய் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.