அண்ணன் போனுக்கு வந்த மிஸ்டு கால்

கொரோனா இரண்டாவது அலை வந்த வருஷம். திருச்சி பாலக்கரையில் எங்கள் வீடு. அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வந்தது அவனுடைய செல்போன் மட்டும்தான்.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டு துணிக்கடை வேலைக்குப் போனவள். வீட்டில் காலேஜ் படித்தது அண்ணன்தான். ஸ்கூல் மூடியிருந்தபோது, ஸ்ரீரங்கம் தாண்டி கொள்ளிடக் கரையோரம் இருக்கிற சில ஏழைப் பிள்ளைகளுக்கு போனிலேயே பாடம் சொல்லிக்கொடுப்பான். அந்த வீடுகளில் பட்டன் போன்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் மிஸ்டு கால் கொடுப்பார்கள். இவன் திருப்பிக் கூப்பிட்டு எல்லோரையும் ஒரே லைனில் சேர்ப்பான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவன் போட்டோக்களைப் பார்க்கலாம் என்று அந்த போனுக்கு சார்ஜ் போட்டேன். ஆறு மணிக்கு ஒருமுறை அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. அம்மா அணைத்து வைக்கச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண்பிள்ளை மூச்சு விடாமல் பேசினாள்.

"அண்ணா, கோவமா? அந்தக் கணக்கெல்லாம் போட்டுட்டேன். இனிமே போடாம இருக்க மாட்டேன்."

வீட்டுப்பாடம் செய்யாததால்தான் அண்ணன் இத்தனை நாளாகக் கூப்பிடவில்லை என்று நினைத்திருக்கிறாள். நான் அவருடைய தங்கச்சி என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன். அப்புறம் அவள் அம்மா போனை வாங்கி எனக்கு ஆறுதல் சொன்னார். இனிமேல் பாடம் இல்லையென்றால், மகளைத் தன்னோடு வீட்டு வேலைக்குக் கூட்டிப்போகப் போவதாகவும் சொன்னார். அவள் அப்போது ஒன்பதாவது. என் படிப்பும் இப்படித்தான் நின்றது.

"வேணாங்க. நாளைக்கி ஆறு மணிக்கு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லுங்க, நான் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ஒன்பதாவது பாடம் எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் மற்ற பிள்ளைகளையும் லைனில் சேர்த்து, உள்ளதைச் சொன்னேன். எனக்குப் பாடம் வராது, நீங்கள் படித்து எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், எனக்கே புரிந்துவிட்டால் உங்களுக்கு நன்றாக வந்துவிட்டது என்று அர்த்தம் என்றேன். அதற்கப்புறம் அதுதான் எங்கள் கிளாஸ். ஏன், எப்படி என்று நான் விடாமல் கேட்பேன். பதில் தெரியாவிட்டால் புத்தகத்தைப் புரட்டித் தேடிச் சொல்வார்கள். ஒருநாள் அந்தப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தன தடவக்கா சொல்றது? இன்னுமா புரியல? அண்ணா பாவம், உங்கள வச்சுக்கிட்டு எப்பிடித்தான் இருந்தாரோ."

லைனில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் போன பிறகு நானும் அன்றைக்குத்தான் சிரித்தேன். பக்கத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து, ஆறு மணிக்கு முன்னால் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பது அம்மாவின் வேலையாகிவிட்டது.

ஸ்கூல் திறக்கும் வரை கிளாஸ் நடந்தது. ஒரு பிள்ளைகூட படிப்பை விடவில்லை. அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். போன மாதம்தான் முதல்முறையாக நேரில் பார்க்கலாம் என்றாள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே, கூட்டத்தில் அவளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியாமல் நின்றேன். கையிலிருந்த அண்ணன் போன் ஒருமுறை அடித்து நின்றது. நிமிர்ந்தால், எதிரே ஒரு பெண் தன் போனைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள்.

வந்ததும் அண்ணனுடைய போட்டோவைக் கேட்டாள். அவள் அவனைப் பார்த்ததே இல்லை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கொரல வச்சு நல்லா குண்டா இருப்பாருன்னு நெனச்சிருந்தேன்க்கா" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதோம்.

அண்ணன் பாதியில் விட்டுப்போனதை, எட்டாவது படித்த நான் முடித்துவைத்தேன் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவன் இல்லை என்ற வலி போகவில்லை, ஆனால் ஆறு மணி ஆனால் இப்போது எனக்கு அழுகை வருவதில்லை.