மணிக்கட்டுப் பட்டை

என் பெரியம்மாவின் இரண்டாவது மகன் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். அவர் கட்டியது என் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி மகளை. எனக்கு அவள் அண்ணி, மாமன் மகள், இரண்டும்தான். ஐம்பதைத் தாண்டியதும் அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கத்தி பிடித்த கை நடுங்கினால் யார் கழுத்தைக் கொடுப்பார்கள்? பழைய வாடிக்கைக்காரர்கள்கூட எங்கேயோ பார்த்தபடி கடையைத் தாண்டிப் போனார்கள்.

டாக்டர் அவரை ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் மணிக்கட்டில் கட்டும் பட்டை ஒன்றைச் செய்திருந்தாள். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி. பூதக்கண்ணாடி வைத்து அவளே கையால் சுற்றியது. அண்ணன் நடுக்கத்துக்குத் தக்கபடி திருகித் திருகிச் சரிசெய்தாள். கை கப்சிப். அங்கிருந்த ஒருவருக்குச் சவரமே செய்துவிட்டார், ஒரு கீறல் இல்லை. பத்திரிகையில் படத்தோடு வந்தது: ‘கை நடுக்கத்துக்குத் தீர்வு.’

சோதனை முடிந்ததும் கூடத்தில் பட்டையைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்கள். இருந்ததே அது ஒன்றுதான்.

பத்திரிகை படித்தவர்களுக்கு அது தெரியுமா? தாடையைத் தடவிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அண்ணன் நடுங்கும் கையை நீட்டிக் காட்டுவார்.

“பேப்பர்ல நல்லாத்தானே இருந்துச்சு?”

“பேப்பர்ல இருக்கிற கை இன்னும் நல்லாத்தான் இருக்கு. அதுகிட்டயே போய் செஞ்சுக்குங்க” என்பாள் அண்ணி.

நடுங்கும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டவர்களும் உண்டு. பதில் சொல்லியே அவருக்கு வாய் ஓய்ந்தது.

பட்டை செய்த பெண்ணுக்குப் போன் போடுவார்.

“நான் ஒண்ணு பண்ணிட்டேண்ணே. அதே மாதிரி லட்சம் பண்ண கம்பெனிக்கு வரல. மெஷின்ல சுத்துனா கம்பி அறுந்துடுது.”

“எப்பம்மா வரும்?”

“அடுத்த வருஷம்.”

அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்த வருஷம் பேட்டரி சூடாகிறது என்றாள். அண்ணன் கடையின் ஒரு நாற்காலியை வேறொரு தொழில்காரனுக்கு வாடகைக்கு விட்டார். பிறகு மற்றதையும் விட்டார். தன் கடையிலேயே முடி கூட்டினார்.

ஒருவழியாகப் பட்டை விற்பனைக்கு வந்தது, அட்டைப்பெட்டியில், சின்னது பெரியது என்று. அண்ணிதான் வாங்கிக் கட்டிவிட்டாள். நடுக்கம் முக்கால்வாசி அடங்கியது. மீதிக்குத் திருகிப் பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. மறுபடி போன்.

“எல்லார் கைக்கும் பொதுவா வச்சிருக்காங்கண்ணே. இனி அடுத்த மாடல்லதான்...”

“சரிம்மா, நல்லா இரு” என்று வைத்துவிட்டார்.

“டீ சிந்தாம குடிக்கலாம்ல? சட்டைப் பொத்தான் நீங்களே போட்டுக்கலாம். போட்டுப் போட்டு எனக்கும் அலுத்துப்போச்சு” என்றாள் அண்ணி.

“நான் எங்கடி குறை சொன்னேன்? கத்தி பிடிக்க முடியாது, அவ்வளவுதான்.”

மறுநாள் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பட்டையைப் பார்த்துவிட்டு, “வாய்யா, இன்னைக்கு உன் கைதான்” என்று நாற்காலியில் சாய்ந்து கழுத்தைக் காட்டினார். அண்ணன் துணியைப் போர்த்தினார். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தத் தொழில்காரனைக் கூப்பிட்டு, “தம்பி, சாருக்கு ஷேவிங். நுரை நான் போட்டு வைக்கிறேன்” என்று பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்தார்.