கரண்ட் வைத்த பிறகு

முதலில் நின்றுபோனது குற்றம் கண்டுபிடிப்பது. என் கணவர் தேவசகாயம் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் ஒரு பிழைகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. கடைப்பலகையில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தால் கடைக்காரரை வெளியே கூப்பிட்டுக் காட்டுவார். ஆலயத்தில் பாட்டுத்தாளைக் கையில் வாங்கியதும் பென்சிலைத் தேடுவார். எனக்கு மானம் போகும். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த ஒரு மழைக்காலத்தில் இதெல்லாம் நின்றது. மனுஷர் ஒருவழியாக அடங்கிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். உங்கள் வீட்டில் யாராவது திடீரென்று சாதுவாகிவிட்டால் அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

காலையில் எடுத்த பக்கத்தையே மாலை வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அச்சக முதலாளி சொல்லியனுப்பினார். பிறகு அழுகை. ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்பார். சோறு இறங்கவில்லை. எலும்பும் தோலுமாக ஆனார்.

மனநோய் ஆஸ்பத்திரியின் பெயர் வெளியே தெரிந்தால் எங்கள் தெருவில் பெண் எடுக்க மாட்டார்கள். மகள் எஸ்தருக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனேக்கலில் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று எல்லோரிடமும் கதை கட்டிவிட்டு அவரை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மெலன்கோலியா (வெளியே தெரியும் காரணம் இல்லாமல் நீடிக்கும் கடும் மனச்சோர்வு) என்றார் டாக்டர். எலெக்ட்ரிக் ஷாக் (நெற்றியின் இரு பக்கமும் மின்தகடு வைத்து மூளைக்குள் ஒரு கணம் மின்சாரம் செலுத்தும் சிகிச்சை) கொடுக்கலாம் என்றார். அவர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"நோடிம்மா, இங்க பாருங்க, அழுகை நிக்கும். சாப்பாடு இறங்கும். அதுக்கு நான் பொறுப்பு."

கரண்ட் வைக்கும் நாட்களில் நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வாயில் ரப்பர் துண்டைக் கொடுத்து, ஆட்கள் கைகால்களைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்குக் கதவுதான் தெரியும். வெளியே கொண்டுவரும்போது அவருக்கு என் பெயர் தெரியாது. சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். முதல் தடவை நான் பயந்து அழுதேன். பிறகு பழகிவிட்டது.

டாக்டர் சொன்னது நடந்தது. அழுகை நின்றது, தட்டு காலியானது, கன்னத்தில் சதை பிடித்தது. வீடு திரும்பியபின் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அவரை வேதபாடம் வாசிக்கச் சொன்னார். கணீரென்று, ஓரிடத்தில்கூடத் தடுக்காமல் வாசித்தார். எல்லோரும் வந்து கையைக் குலுக்கினார்கள். முதலாளியும் மறுபடி வேலை கொடுத்தார். பிழை பார்க்கிற வேலை இல்லை, கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்கிற வேலை. அதைக் கேட்டுக்கொண்டே வேறொருவர் அச்சான தாளைத் திருத்துவார். நாள் முழுக்க அந்தக் குரல் அச்சகத்தில் ஒலித்தது. ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

எஸ்தருக்கு வரன் அமைந்தது. கல்யாணப் பத்திரிகை என் கணவர் வேலை பார்த்த அச்சகத்திலேயே. பத்திரிகைக்கு அங்கே ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுத்துக் கோர்ப்பதில்லை. முந்தின வீட்டுக்குக் கோர்த்த ஈய எழுத்துகளைக் கலைக்காமல் வைத்திருந்து பெயர்களை மட்டும் மாற்றுவார்கள். அந்தப் புரூஃபை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாங்கள் எழுதிக்கொடுத்த தாளை நான் பிடித்துக்கொள்ள, அவர் புரூஃபை வாசித்தார்.

"காலஞ்சென்ற திரு. தேவசகாயம் அவர்களின் குமாரத்தி, செல்வி எஸ்தருக்கும்..."

குரல் கொஞ்சமும் மாறவில்லை. மாப்பிள்ளையின் பெயர், ஆலயத்தின் பெயர், விருந்து நடக்கும் இடம் என்று கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்துத் தாளை மடித்தார். முந்தின வீட்டுப் பெண்ணுக்கு அப்பா இல்லை. அச்சுக் கோர்த்தவர் அந்த ஒரு வார்த்தையை எடுக்க மறந்திருக்கிறார்.

எஸ்தர் சமையற்கட்டிலிருந்து ஓடிவந்தாள். "அப்பா! என்ன வாசிச்சீங்கன்னு தெரியுதா?"

"தெரியுதும்மா. காலஞ்சென்றன்னு இருக்கு. தப்பு."

"பார்த்தீங்களா அப்ப? ஏங்க சொல்லலை?" என்றேன் நான்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களைச் சமாதானப்படுத்த விரும்பினார் என்றே நினைக்கிறேன். "சொல்லலாம்னுதான் இருந்துச்சு. அதுக்குள்ள அடுத்த வரி வந்துருச்சு."

எஸ்தர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பென்சிலை எடுத்து அந்த வார்த்தையை அடித்தேன். அவர் செத்துப்போனதாக அச்சானதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதை அடிக்க அவருக்கே ஒரு பென்சிலை எடுக்கத் தோன்றவில்லையே என்பதுதான் என்னை உலுக்கியது.

கல்யாணம் முடிந்ததும் அவரை மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் கணக்குகள் கேட்டார். கஷ்டமானதையும் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்தது. கேட்பதை நிறுத்தியதும் இவர் சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

"மூளை நல்லா இருக்கும்மா. யோசிக்கத் தெரியுது. யோசிக்கணும்னு உள்ளேயிருந்து ஒரு தள்ளு வரணும் அல்லவா, அது வரல. அது மூளையில எங்க இருக்குன்னே எங்களுக்குச் சரியாத் தெரியாது."

"மறுபடி கரண்ட் வெச்சா வருமா டாக்டர்?"

"வரலாம். வராமலும் போகலாம். ஞாபகம் இன்னும் கொஞ்சம் போனாலும் போகும். அன்னைக்கு அழுகைக்குத்தான் நான் பொறுப்புன்னு சொன்னேன். இதுக்குச் சொல்ல முடியாது. நீங்க பேசி முடிவு பண்ணுங்க."

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவரிடம் கேட்டேன். "வேணுமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"உன் இஷ்டம், கிரேஸ்."

"என் இஷ்டம் எதுக்குங்க? உங்க தலை."

"ஆமா. யோசிக்கணும்," என்றார். நந்தி மலையை நடந்தே ஏற வேண்டும் என்பது போல அதைச் சொன்னார். பதிலுக்காக நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. கண்டக்டர் "ஹத்தி, ஹத்தி" என்று ஏறச் சொன்னார். இவர் ஏறிவிட்டார்.

வேண்டாம் என்று நானே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இருக்கிற ஞாபகமாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை. அவரிடம் கேட்டால் சரி என்பார். தப்பு என்று நான் சொன்னால் அதற்கும் சரி என்பார்.

இப்போது எனக்குத் தாகமெடுத்தால் இரண்டு டம்ளர் எடுக்கிறேன். எனக்குக் குளிர்ந்தால் அவருக்கு ஸ்வெட்டர் மாட்டுகிறேன். ஓர் உடம்பின் பசியை வைத்து இரண்டு உடம்புகளை நடத்துகிறேன். நாளை, அடுத்த வாரம் என்ற பேச்செல்லாம் இந்த வீட்டில் என் வாயிலிருந்து மட்டும்தான் வருகிறது.

போன மாதம் எனக்குக் கடும் காய்ச்சல். காலையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் படுத்தவள், கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

"பசிக்கலையா?"

"பசிக்குது."

"அடுப்படியில சோறு இருக்கே."

"தெரியும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ச் சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார். எனக்குப் பிறகு என்ன என்று எல்லா மனைவிகளும் ஒருநாள் நினைப்பார்கள். முன்பெல்லாம் அது எனக்கு எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு காலம். இப்போது எனக்கு அதன் முகம் தெரியும். அவர் பசியோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சோறு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.