கடோவாக்கி வெட்டிய அழுகை

எங்கள் ஊரான யொனாகோவில் நகரப் பேருந்து ஓட்டுகிறார் கடோவாக்கி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். ஆனால் பேனாவைப் பிடித்துவிட்டால் நிறுத்த மாட்டார். நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறுபத்திரிகையில் அவர் கதை இல்லாத இதழ் கிடையாது. பேருந்து கடைசி நிறுத்தத்தில் நிற்கும் கொஞ்ச நேரத்தில்கூடத் தொடைமேல் தாளை வைத்துக்கொண்டு அடித்து அடித்துத் திருத்துவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் நமக்கே பொறாமையாக இருக்கும்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. கதையை எல்லோரும் முன்பே படித்துவிட்டு வருவோம். ஒவ்வொருவராகக் குறை சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது சித்திரவதை. கடோவாக்கிக்கோ சொர்க்கம்.

இந்த வசந்தத்தில் அவர் கொண்டுவந்த கதையில் ஒரு கிழவரின் மனைவி செத்துப்போகிறாள். கிழவர் அழுகிறார். எட்டுப் பக்கம் அழுகிறார். ஆற்றங்கரையில், குளியலறையில், மீன் கடையில்கூட அழுகிறார். நான் சலவைக் கடைக்காரி. கறையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

"எல்லா அழுகையையும் இவரே அழுதுட்டா, படிக்கிற நாங்க எதுக்கு? வெட்டிடுங்க" என்றேன்.

கடோவாக்கி தலையைக் குனிந்து குறித்துக்கொண்டார்.

கோடையில் திருத்திக் கொண்டுவந்தார். நான் வெட்டச் சொன்னது அழுகையைத்தான். மனிதர் சாவையே வெட்டிவிட்டார்! மனைவி இப்போது மூன்று நாள் தங்கை வீட்டுக்குப் போகிறாள், அவ்வளவுதான். கிழவர் சோறு அள்ளும் அகப்பையைத் தேடி வீட்டைத் தலைகீழாக்குகிறார். கிடைக்காமல் தேநீர்க் கிண்ணத்தால் அள்ளித் தின்கிறார். பக்கத்து வீட்டில் கேட்க மானம் தடுக்கிறது. கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டே படித்தேன். சிரித்த சிரிப்பில் ஒரு வாடிக்கையாளரின் சட்டைக் காலரைப் பொசுக்கிவிட்டேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் நடந்த கடைசிக் கூட்டத்துக்குக் கடோவாக்கியின் மனைவி நோபுயே பேரிக்காய்க் கூடையோடு வந்தார். கணவர் கையால் எழுதுவதையெல்லாம் கணினியில் அடித்துத் தருபவர் அவர்தான். கூடையை 'தொம்'மென்று வைத்த வேகத்திலேயே, விருந்தாட வரவில்லை என்று தெரிந்துவிட்டது.

"அழுகைய வெட்டச் சொன்னது யாருங்க?"

"நான்தான்" என்றேன்.

"இகூதா சான், முப்பது வருஷத்துக்கு மேல இந்த மனுஷனோட குடும்பம் நடத்துறேன். எனக்குக் காய்ச்சல்னா மாத்திரைய வச்சிட்டு வண்டி ஓட்டப் போயிருவாரு. நான் செத்தா அழுவாருன்னு அந்த எட்டுப் பக்கத்துலதான் தெரிஞ்சுகிட்டேன். டைப் அடிக்க அடிக்க அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. இப்ப என்னடான்னா, அகப்பையத் தேடுறாராம்! எனக்கு அந்த அழுகை திரும்ப வேணும்."

கதைக்கு எது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. எல்லோரும் கடோவாக்கியைப் பார்த்தோம். அவர் விதியைக் காரணம் காட்டுவதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்கயும் ஊமைதானா?" என்றார் நோபுயே.

கூட்டத்தை நடத்தும் மருந்துக்கடை சுனேயோகா சிரித்தார். "விதி கிடக்குது, விடுங்க கடோவாக்கி சான். இன்னைக்குப் பேசலைன்னா வீட்டுல உங்களுக்குச் சோறு கிடையாது."

கடோவாக்கியின் காது சிவந்தது. மனைவியைப் பார்க்காமல், கூடையைப் பார்த்துப் பேசினார்.

"முதல்ல எழுதுனப்ப அவ யாரோ ஒரு பொம்பளை. அவ செத்துட்டா, கிழவரு அழுதாரு, எழுதிட்டேன். திருத்த உக்காந்தப்பதான் பாக்குறேன், அவ கதவைச் சாத்துற விதம், இருமுறது, எல்லாமே நீதான். அப்புறம் சாவ எழுதக் கை வரல. கதையிலகூட வரல. அதான் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். அங்க போனா திரும்பி வந்துருவேல்ல?"

நோபுயே அப்படியே உட்கார்ந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் அழுதார். சந்தோஷம் தாங்காமல் அழுதார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி, அச்சுக்குக் குடுத்துருங்க. ஆனா மூணு நாள் ரொம்ப அதிகம், பாவம். மறுநாளே வந்துட்டதா மாத்தச் சொல்லுங்க."